அமாத்தே: வரவேற்பறைச் சுவரில் ஒரு மரப்பட்டை

சப்போட்டா என்று நாம் சொல்லும் பழப்பெயர் மெக்சிக்கோவின் நாவாட்டல் மொழியிலிருந்து புறப்பட்டது. அம்மொழியில் அது ‘ட்சபொத்ல்’. ஸ்பானியர் வாயில் ‘சப்போத்தே’ ஆகி, கடல் கடந்து நம்மிடம் வந்து சப்போட்டா ஆயிற்று. நாவாட்டல் பெயர்ச்சொற்களின் இறுதியில் வரும் ‘த்ல்’ ஒலி ஸ்பானிய நாவுக்கு வசப்படாமல் ‘தே’ ஆகிவிடுவது வழக்கம். ‘தொமத்ல்’ என்பது ‘தொமாத்தே’ ஆகி, அதிலிருந்து ஆங்கிலத்தின் ‘டொமேட்டோ’ பிறந்தது. இதே தடத்தில் ‘ஆமத்ல்’ என்ற சொல் ‘அமாத்தே’ ஆனது. அத்தி இன மரத்துக்கும், அதன் பட்டையை அடித்துச் செய்யும் தாளுக்கும் மெக்சிக்கோவில் இன்று அதுவே பெயர். ஓலை, ஏடு, மடல், தாள் என்று எழுதுபொருளுக்கெல்லாம் தாவர உறுப்புகளின் பெயரையே சூட்டியிருக்கும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

‘மெக்சிக்கச் சுவர் அலங்காரம்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் விற்கப்படுபவற்றுள் இந்தத் தாளில் தீட்டிய ஓவியங்கள் முக்கியமானவை. பழுப்பு நிறத் தாள், அதில் குறுக்கும் நெடுக்குமாக நார்வரிகள், அதன்மேல் வால் நீண்ட பறவைகளும் இயற்கையில் எங்கும் காணமுடியாத பூக்களும். மற்றொரு வகையில் ஒரு கிராமமே நிறைந்திருக்கும்: தேவாலயம், சோள வயல், ஆறு, கல்யாண ஊர்வலம், பிணம் சுமந்து செல்வோர், சந்தைக்குக் கழுதை ஓட்டுவோர். விற்கும் கடைக்கு இரண்டும் அலங்காரப் பொருள்தான். வரைபவர்கள் இரண்டாம் வகைக்கு ‘இஸ்தோரியா’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பானியத்தில் கதைக்கும் வரலாற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். வாங்குபவர் ‘அலங்காரம்’ என்கிற பொருளைச் செய்பவர் ‘வரலாறு’ என்கிறார் என்றால், இவ்விரண்டு பெயர்களுக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நான் இந்த ஓவியங்களிடம் வந்து சேர்ந்தது கலை வரலாற்றின் வழியாக அன்று. நாவாட்டல் அகராதிப் பணிகளைப் பற்றிப் படிக்கப்போய், அகராதி தொகுத்தவரே ஓவியங்களைப் பற்றியும் எழுதியிருப்பதைக் கண்டேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் தாள். ஸ்பானியர் வருமுன் நடு மெக்சிக்கோவில் மரப்பட்டைத் தாள் அரசின் அன்றாடத் தேவையாக இருந்தது. அஸ்டெக் தலைநகருக்குக் கீழ்ப்பட்ட ஊர்கள் செலுத்திய திறைப் பொருள்களைப் பட்டியலிடும் மெந்தோசா சுவடி 1540-களை ஒட்டி வரையப்பட்டது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதில் பருத்தித் துணி, சோளம், இறகு ஆகியவற்றோடு தாளும் ஒரு திறைப் பொருள். அதிலிருந்து கணக்கிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,80,000 தாள்கள் தலைநகருக்கு வந்தன என்று சொல்வது வழக்கம். நிலவரி, எல்லை, வழிமுறை, நாள்காட்டி எல்லாம் தாளில் ஏறின. தெய்வங்களுக்குத் தாளால் ஆடை தைத்தார்கள். உருக்கிய ரப்பர்ப் பாலைத் தாளில் சொட்டுச்சொட்டாகத் தெளித்து மழைத் தெய்வங்களுக்குப் படைத்தார்கள் என்பதைச் சகாகூன் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் தொகுத்த பெருநூல் விரிவாகப் பதிவுசெய்கிறது.

தாள் தெய்வத்துக்கு உரிய பொருளாகவும் இருந்ததே அதற்கு வினையாயிற்று. யுகத்தான் பகுதியின் மானி ஊரில் 1562-இல் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயன் சுவடிகளைக் குவித்து எரித்த செய்தி பலரும் அறிந்தது. மாயன் எழுத்தில் அமைந்த பட்டைத்தாள் சுவடிகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே. சுவடிகளோடு தாள் செய்யும் தொழிலும் ஐயத்துக்குரியதாயிற்று. ஐரோப்பியத் தாள் ஆட்சியின் தாளாக அமர்ந்தது. பட்டைத்தாள் பேய்வழிபாட்டின் சின்னமாகத் தள்ளப்பட்டது. ஆயினும் ஒரே நாளில் அது மறையவில்லை. ஸ்பானிய அரசரின் மருத்துவரான பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸ் 1570-களில் தெபோஸ்த்லானில் தாள் செய்வோரைக் கண்டு, கிளையை வெட்டி நீரில் ஊறவைத்துப் பட்டையுரித்துக் கல்லால் தட்டும் முறையை எழுதிவைத்தார். அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் சமவெளிகளில் அந்தத் தொழில் அற்றுப்போயிற்று.

அற்றுப்போகாத இடங்களுள் ஒன்று சான் பப்லித்தோ. புவெப்லா மாநிலத்தின் வடக்கு மலைகளில் ஒத்தொமி மொழி பேசுவோர் வாழும் ஊர். அங்கே தாள் எழுதுவதற்காகச் செய்யப்படவில்லை, வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. நோய் தீர்க்கும் சடங்கு வல்லார், தாளை மடித்துக் கத்தரித்து, கைகளை உயர்த்தி முன்னோக்கி நிற்கும் உருவங்களை உண்டாக்குவர். சோளத்துக்கு ஓர் உருவம், மிளகாய்க்கு ஒன்று, நோய் தருவதற்கு ஒன்று. வெளிர்நிறப் பட்டை நல்லவற்றுக்கும் கருநிறப் பட்டை தீயவற்றுக்கும் உரியது என்பது அவர்கள் வழக்கம். மானிடவியலாளர் பிரெடெரிக் ஸ்டார் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கண்டு எழுதினார். மலைச்சரிவின் தொலைவும் சடங்கின் மறைவும் சேர்ந்து நானூறு ஆண்டுகள் ஒரு தொழில்நுட்பத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

அந்த நுட்பம் எளிதாகத் தோன்றும். மரத்தின் உட்பட்டையை நாராக உரித்து, சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ நெடுநேரம் வேகவைக்கிறார்கள். சுண்ணாம்பு நீர் என்பது பெரும்பாலும் சோளம் வேகவைத்த நீர்தான். அடுக்களையும் தாள்பட்டறையும் ஒரே பானையைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. வெந்து மென்மையான நார்களைப் பலகைமேல் முதலில் நீளவாக்கில் வரிசையாகவும், பின்னர்க் குறுக்குவாக்கிலும், கட்டம் கட்டமாகப் பரப்புகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கல்லால் தட்டத் தட்ட நார் விரிந்து, பக்கத்து நாரோடு கலந்து, கட்டங்களின் இடைவெளி மூடிக்கொள்கிறது. ஓரங்களை உள்ளே மடித்துத் தட்டி, பலகையோடு வெயிலில் சாய்த்துவைத்தால் காய்ந்தபின் தாள் உரிந்து வரும். பசை கிடையாது, மரத்தின் சாறே பசை. பலகையில் ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். கூழாக அரைத்துச் சல்லடையில் வார்க்கும் நம் காகிதத்திலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. நாரை அரைப்பதில்லை; பின்னுவதும் இல்லை. அடித்து இணைக்கிறார்கள்.

இனி இந்தத் தாள் எப்படி ஓவியத்தின் தளமாயிற்று என்பதைப் பார்க்கவேண்டும். இங்கே ஊரும் மாறுகிறது, மொழியும் மாறுகிறது. சான் பப்லித்தோவுக்குத் தெற்கே வெகுதொலைவில், கெரேரோ மாநிலத்தில் பால்சாஸ் ஆற்றின் மேற்பகுதியில் நாவாட்டல் பேசும் ஊர்கள் சில இருக்கின்றன: அமெயால்தெபெக், சான் அகுஸ்தின் ஒவாபான், சாலித்லா, மஷேலா, அவுவெலிக்கான். மழை குறைந்த வறண்ட நிலம். பசிபிக் கடற்கரையிலிருந்து உப்பை விலங்குகளின்மேல் ஏற்றிவந்து உள்நாட்டில் விற்பது இவ்வூராரின் பழைய வாணிகம். நெடுஞ்சாலையும் லாரியும் வந்து அது நொடித்தபோது, தாங்கள் செய்த மண்கலங்களைச் சுற்றுலாப் பயணிகள் வரும் நகரங்களுக்குக் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார்கள். அமெயால்தெபெக்கின் கலங்களில் வெண்பூச்சின்மேல் பறவையும் பூவும் விலங்கும் நெருக்கமாக வரையப்பட்டிருக்கும். மக்களிடம் வாணிகமும் இருந்தது, தூரிகையும் இருந்தது. இல்லாதது தாள் ஒன்றுதான்.

1960-களின் தொடக்கத்தில் மெக்சிக்கோ நகரத்தில் இவ்விரண்டும் சந்தித்தன. நாட்டார் கலைப்பொருள் கடை நடத்திய மாக்ஸ் கெர்லோ, ஓவியர் ஃபெலிப்பே ஏரென்பெர்க் ஆகிய இருவரின் பெயர்கள் இந்தக் கட்டத்தில் எப்போதும் சொல்லப்படும். அமெயால்தெபெக்கிலிருந்து விற்க வந்தவர்கள் கலத்தில் வரைந்ததையே ஒத்தொமிகளின் பட்டைத்தாளில் வரைந்து பார்த்தார்கள். முதலில் வரைந்தவர்களுள் பேத்ரோ தெ ஹேசூஸ், கிறிஸ்தீனோ புளோரெஸ் மெதீனா ஆகியோரைக் குறிப்பிடுவர். நகரத்துக் கலைஞர் ஒருவர் கிராமத்தாரிடம் ‘இதில் வரை’ என்று சொன்னார், ஒரு கலை பிறந்தது என்றுதான் இந்நிகழ்வைப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. தாளை ஏற்றுக்கொண்டதற்கு வணிகர்களுக்கு உரிய தெளிவான காரணம் இருந்தது. மண்கலம் கனமானது, பேருந்தில் உடையும். தாளைச் சுருட்டினால் நூறு ஓவியங்களை ஒருவர் தோளில் சுமக்கலாம். வாங்கும் பயணிக்கும் அதே வசதி: பெட்டியின் அடியில் தட்டையாக வைத்து ஊர் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டலாம். சுவரோவியம் என்ற இந்த வடிவத்தைத் தீர்மானித்ததில் அழகியலுக்கு இருந்த பங்கு விமானப் பெட்டிக்கும் இருந்தது.

இங்கே நம் நாட்டவருக்கு ஓர் ஒப்புமை நினைவுக்கு வராமல் போகாது. அதே பத்தாண்டில், 1966-67 பீகார் வறட்சியின்போது, புபுல் ஜெயகர் அனுப்பிய பாஸ்கர் குல்கர்னி மிதிலைப் பெண்களிடம் காகிதம் கொடுத்தார். சுவரில் இருந்தது காகிதத்துக்கு இறங்கி, பிறர் வீட்டுச் சுவருக்கு ஏறியது. மெக்சிக்கோவில் கலத்திலிருந்து தாளுக்கு. இரண்டையும் விரிவாக ஒப்பிடுவது தனிக் கட்டுரைக்கு உரியது. வேறுபாடு ஒன்றை மட்டும் சொல்லலாம்: மிதிலையில் கொடுக்கப்பட்டது வெறும் காகிதம், கெரேரோவில் கையில் வந்ததோ இன்னொரு பழங்குடியின் சடங்குப் பொருள்.

நகரத்துச் சுவர்கள் இதற்கு ஏற்கெனவே பழகியிருந்தன. புரட்சிக்குப் பிந்தைய மெக்சிக்கோ தன்னைத் தேடிக்கொண்டது கிராமத்துக் கைவினையில். விடுதலை நிறைவெய்திய நூற்றாண்டு விழாவுக்காக 1921-இல் ரொபெர்த்தோ மொந்தெநேக்ரோ, ஹோர்ஹே என்சீசோ, டாக்டர் ஆத்ல் ஆகியோர் நடத்திய நாட்டார் கலைக் கண்காட்சி, அதுவரை அடுக்களையில் கிடந்ததை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. ஃப்ரீதா காலோ, தியேகோ ரிவேரா இருவரின் வீட்டுச் சுவரில் நேர்த்திக்கடன் தகடுகள் தொங்கின. நியூயார்க்கில் 1930-இலும் 1940-இலும் நடந்த பெருங்கண்காட்சிகள் அமெரிக்க நடுத்தர வீடுகளுக்கு அந்தச் சுவையைக் கற்றுத்தந்தன. 1968 ஒலிம்பிக் போட்டிக்கு வந்த கூட்டமும் 1974-இல் அரசு தொடங்கிய கைவினை நிதியமும் சந்தையை விரித்தன. வெளிப்புள்ளிகள் இவ்வளவே.

உள்ளே நடந்தது இதைவிடச் சுவையானது. பறவையும் பூவும் விரைவாக வரையக்கூடியவை. ஒரு குடும்பத்தில் ஒருவர் கோடிழுக்க, மற்றவர்கள் நிறம் நிரப்பலாம். ‘இஸ்தோரியா’ அப்படி வராது. அதில் ஊர் முழுவதும் ஒரே தாளில் நிற்கவேண்டும். தொடுவானம் என்ற ஒன்று இருக்காது. தூரத்து மலை மேலே, ஆறு கீழே, நடுவில் வீடுகள் மாடிப்படி போல் அடுக்கப்பட்டிருக்கும். விதைப்பும் அறுப்பும், பிறப்பும் இறப்பும் ஒரே நேரத்தில் நடக்கும். பார்வையைத் தாளின் ஒரு மூலையில் வைத்து, பாதைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் முழுவதும் விளங்கும். பார்ப்பதைவிட வாசிப்பதற்கு நெருங்கிய செயல் இது.

இந்த இடத்தில் மொழியியல் மாணவர்கள் சற்று நிற்கலாம். நாவாட்டலில் ‘த்லாக்குயிலோவா’ என்ற வினை எழுதுவதையும் குறிக்கும், வண்ணம் தீட்டுவதையும் குறிக்கும். பழைய சுவடிகளைச் செய்தவர் ‘த்லாக்குயிலோ’. அவரை எழுத்தர் என்று மொழிபெயர்ப்பதா ஓவியர் என்று மொழிபெயர்ப்பதா என்று ஐரோப்பிய மொழிகளில் தடுமாறுகிறார்கள். தமிழில் தடுமாற வேண்டியதில்லை. மையெழுதுதல், ஓவியம் எழுதுதல், ஓலை எழுதுதல் எல்லாவற்றுக்கும் ‘எழுது’ ஒன்றே போதும். அச்சொல்லின் அந்த அகலத்தை அன்றாடப் பேச்சில் நாம் குறுக்கிக்கொண்டோம். நாவாட்டலில் ‘கறுப்பு, சிவப்பு’ என்று இரு நிறங்களை இணைத்துச் சொன்னால் எழுத்து, எழுத்தில் உள்ள அறிவு என்று பொருள். இந்தப் பின்புலத்தில் ‘இஸ்தோரியா’ என்ற பெயர் தற்செயலாகத் தெரியவில்லை. சுவடிகளோடு இன்றைய ஓவியர்களுக்கு அறுபடாத தொடர்ச்சி உண்டு என்று நான் வாதிடவில்லை. இடையில் நானூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. வரைபவர்கள் அஸ்டெக் எழுத்தரின் மாணவர்கள் அல்லர். ஆனால் தாளில் தீட்டுவது ஊரின் கணக்கை எழுதுவதுதான் என்ற எண்ணம் அம்மொழிக்குள் அந்நியமாக இல்லை.

அந்தக் கணக்கு சோதனைக்கு உள்ளான தருணம் 1990-இல் வந்தது. பால்சாஸ் ஆற்றில் சான் ஹுவான் தெத்தெல்சிங்கோ என்னுமிடத்தில் நீர்மின் அணை கட்ட நடுவண் மின்வாரியம் திட்டமிட்டிருந்த செய்தி ஊர்களுக்குத் தெரியவந்தது. கட்டினால் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் நீரில் மூழ்கும். ஒல்மெக் காலத்துத் தெயோபந்தெக்குவானித்லான் தொல்லிடமும் மூழ்கும். இதே ஆற்றில் கீழே கட்டப்பட்ட எல் கராக்கோல் அணையால் 1980-களில் பெயர்க்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இவ்வூரார் கண்ணால் கண்டிருந்தார்கள். 1990 அக்டோபரில் மேல் பால்சாஸ் நாவா ஊர்களின் மன்றம் உருவாயிற்று. பழங்குடிகளின் உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் ஒப்பந்தத்தை மெக்சிக்கோ அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஏற்றிருந்தது. ஊர்கள் அதைக் கையிலெடுத்தன. நெடுஞ்சாலை மறியல், தலைநகர் நோக்கிய நடைப்பயணம், தொல்லியலாளர்களின் ஆதரவு எல்லாம் சேர்ந்து 1992-இல் திட்டம் கைவிடப்பட்டது.

இப்போராட்டத்தில் அமாத்தேக்கு இரண்டு பங்குகள். ஓவியர்கள் அணை எதிர்ப்பைத் தாளில் வரைந்தார்கள் என்பது ஒன்று. அமெயால்தெபெக்கின் நிக்கோலாஸ் தெ ஹேசூஸ் போன்றோர் பட்டைத்தாளில் செதுக்கச்சும் போட்டு அரசியல் படைத்தார்கள். மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. முப்பது ஆண்டுகளாகப் பயணிகளுக்கு விற்ற ‘இஸ்தோரியா’க்களில் இருந்தவை எவையோ, அணைநீரில் மூழ்கவிருந்தவையும் அவையே: அந்த ஆறு, அந்தத் தேவாலயம், அந்தக் கல்லறை, அந்த வயல். ஓவியத்தை விற்றுத் திரிந்ததால் அவ்வூராருக்குத் தலைநகரத்தின் தெருக்களும் கடற்கரை நகரங்களும் தெரிந்திருந்தன. கலைஞர்களும் ஆய்வாளர்களும் அறிமுகமாகியிருந்தார்கள். அமெயால்தெபெக்கின் வாணிகத்தை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட காத்தரின் குட் எஷல்மன், சந்தைப் பணம் அந்த ஊரைக் கலைக்கவில்லை, திருவிழாவுக்கும் கூட்டுப்பணிக்கும் திரும்பிச் சென்று ஊரைக் கட்டியது என்று காட்டியிருக்கிறார். சுற்றுலாக் கலை என்றாலே சீரழிவு என்று முடிவுகட்டும் பழக்கம் உள்ள நாம் அந்நூலைக் கருத்தூன்றிப் படிக்கவேண்டும். 1995-இல் சிகாகோவின் மெக்சிக்க நுண்கலை மையம் அமாத்தே ஓவியங்களைப் பற்றி ஒரு தொகுப்பை வெளியிட்டது. புதுமை, எதிர்ப்பு என்ற இரு சொற்களும் அதன் தலைப்பில் இருக்கின்றன. தொகுத்தவர் ஜொனதன் ஏமித். அமெயால்தெபெக், ஒவாபான் ஊர்களின் நாவாட்டல் சொற்களைப் பல்லாண்டுகளாகத் தொகுத்துவரும் மொழியியலாளர் அவர்தான். மொழியை ஆவணப்படுத்தப் போனவர் அதே ஊரில் எழுதப்படும் இன்னொரு வகை ஆவணத்தையும் கண்டுகொண்டார் என்பது நம் துறைக்குப் பெருமை தரும் செய்தி.

இதன் மறுபக்கத்தில், வேறோர் ஊரில், வேறொரு கணக்கு ஓடுகிறது. ஓவியத்தின் மூலையில் கெரேரோ ஓவியரின் கையொப்பம் இருக்கும். தாளைத் தட்டிய சான் பப்லித்தோப் பெண்ணின் பெயர் எங்கும் இராது. ஒத்தொமிகளின் தாள் இல்லாமல் நாவா ஓவியம் இல்லை. ஆனாலும் வாங்குபவர் பெரும்பாலும் அறிந்தது ஒரே ஒரு கிராமத்தைத்தான். 1970-களில் சான் பப்லித்தோவின் உற்பத்தியில் பெரும்பகுதி கெரேரோவுக்கே போயிற்று. தேவை பெருகப் பெருகச் சடங்குக்கு அளவாக உரித்த மரம் சந்தைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அத்தி மரங்கள் அருகின. 1980-களிலிருந்து ‘ஹொனோத்தே’ என்னும் வேறொரு மரம் முதன்மையான மூலப்பொருளாயிற்று. விரைந்து வளரும் அது காப்பித் தோட்டங்களில் நிழல் மரமாகவும் நிற்பது. அதன் நார் கடினமானது. சாம்பல் நீருக்கு மசியாது. காஸ்டிக் சோடா வந்தது, வெளுப்பதற்குக் குளோரின் வந்தது. நேரம் மிஞ்சியது. கழிவுநீர் ஓடைக்குப் போயிற்று. உள்ளலங்கார விளம்பரங்களில் இந்தத் தாளுக்கு ‘இயற்கையானது’ என்ற அடைமொழி தவறாமல் வரும்போது காஸ்டிக் சோடா என் நினைவுக்கு வரும்.

சான் பப்லித்தோ மக்கள் இதை வாய்மூடிப் பார்த்திருந்தார்கள் என்று எண்ணவேண்டாம். நார்களைப் பின்னல்போல் இடைவெளி விட்டுப் பரப்பிச் செய்யும் பூவேலைத் தாள், வெளிர்நாரும் கருநாரும் கலந்த தாள், 1.20-க்கு 2.40 மீட்டர் அளவிலான பெருந்தாள் என்று புதிய வடிவங்களை உண்டாக்கி, விளக்கு மூடிகளுக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நேரடியாக விற்கிறார்கள். ஓவியமே இல்லாத தாள் சுவரில் ஏறுகிறது. வெட்டிய சடங்கு உருவங்களையும் அட்டையில் ஒட்டிப் பயணிகளுக்கு விற்கிறார்கள். புனிதம் கெட்டது என்று வெளியாரே வருந்துகிறார்கள். அவ்வூர் வழக்கில் உருவத்துக்கு ஆற்றல் வருவது சடங்கில் அதற்குரியதைச் செய்தபின்புதான்; அது செய்யாதவரை அது வெறும் தாள்.

அவ்வூரின் சடங்கு வல்லாருள் ஒருவரான அல்போன்சோ கார்சியா தெய்யேஸ், 1970-களிலிருந்து பட்டைத்தாளிலேயே நூல்கள் செய்தார். பழைய சுவடிகளைப் போல விசிறி மடிப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டியெடுத்த உருவம். அதன் பக்கத்தில் ஸ்பானியத்தில் கையெழுத்து விளக்கம், எந்த உருவத்தை எப்போது, எதற்காக வெட்டவேண்டும் என்று. அவற்றுள் ஒன்றுக்கு அவர் வைத்த தலைப்பு பழங்கால நோய்தீர்ப்பின் ‘இஸ்தோரியா’. அந்நூல்களின் படிகள் இன்று வெளிநாட்டு நூலகங்களின் அரிய சுவடிப் பிரிவுகளிலும் இருக்கின்றன. அங்கே அவை நூல் என்றே பட்டியலில் ஏறியிருக்கின்றன.